மரங்களுக்குக் கீழே மலையின் வடிவம்

ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் இன்று நிழல் தரும் மரங்களில் பல, பெரும்பாலும் புல்லும் பாறையுமாகக் கிடந்த அருணாசல மலைச் சரிவில், 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் நட்டுத் தீயிலிருந்து காத்து வளர்த்தவை. போற்றுதற்குரிய அந்தப் பசுமையே, தனக்கு அடியிலுள்ள தரையின் சாய்வையும் ஓடைத் தடங்களையும் வானிலிருந்து அளப்பதைக் கடினமாக்குகிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அருணாசல மலையின் மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகளின் மீது சரிந்து ஏழு உயிர்களைப் பறித்தபின், அந்த அளவீட்டை இனியும் தள்ளிப்போட முடியாது.

நுண்ணலையைத் தானே அனுப்பி, அதன் எதிரொலியைத் தானே பெறும் ரேடாருக்கு இரவும் மேகமும் தடையல்ல. சற்று விலகிய இரண்டு இடங்களிலிருந்து ஒரே நிலத்தின் எதிரொலியைப் பெற்று, அலைகளின் ஏற்ற இறக்க நிலைகளில் காணும் வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணிப்பது குறுக்கீட்டு ரேடார் முறை எனப்படும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம், 60 மீட்டர் நீளக் கம்பத்தின் இரு முனைகளிலும் உணர்கருவிகளைப் பொருத்தி, உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை இவ்வாறுதான் அளந்தது. ஆனால் அது முதன்மையாகப் பயன்படுத்திய 5.6 செ.மீ. அலை, அடர்ந்த காட்டில் இலைகளிலும் சிறுகிளைகளிலும் பட்டுத் திரும்பிவிடுவதால், வரைபடம் அங்கே தரையென்று காட்டும் உயரம் உண்மையில் மர உச்சிக்கும் மண்ணுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

அலை நீண்டால் இலைகள் அதற்குத் தடையாவது குறைந்து, அடிமரமும் மண்ணும் எதிரொலிக்கத் தொடங்குகின்றன. 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள் ஏறத்தாழ 70 செ.மீ. அலையைப் பயன்படுத்துகிறது, சிறிது விலகிய பல தடங்களிலிருந்து பெறும் எதிரொலிகளை இணைத்து, இலை அடுக்கையும் தரையையும் தனித்தனியே பிரித்துக் காட்டவும் அதனால் முடியும். எனினும் அதன் பார்வை பல பத்து மீட்டர் அகலத்துக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது. அமேசான் காட்டுக்கு அது போதும், அருணாசலத்தின் சில மீட்டர் அகல ஓடைகளுக்குப் போதாது. செங்குத்துச் சரிவுகளில் உச்சியின் எதிரொலி அடிவாரத்தினதை முந்திக்கொண்டு வந்து உருவத்தைக் குழப்புவதும், மறுபுறச் சரிவு ரேடார் நிழலில் மறைவதும் வேறு.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோள், 24 செ.மீ. அலையுடன் 12 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தடத்தில் திரும்பி வருவதால், உயரத்தை அளப்பதைவிடத் தரையின் மெல்லிய நகர்வை உணர்வதற்கே ஏற்றது. ஓடைகளின் நுண்வடிவத்தை அறிய, இலையுதிர் காட்டில் இலைகள் உதிர்ந்து நிற்கும் வறண்ட மாதங்களில், தாழப் பறந்து லேசர் கதிர்களால் அளக்கும் லிடார் முறையே சிறந்த வழி. பாறையின் மேல் எத்தனை அடி மண் தங்கியிருக்கிறது என்பதை இவற்றில் எதுவும் நேரடியாகச் சொல்லாது. அதற்கு ஆய்வாளர்கள் சரிவில் ஏறிக் குழி தோண்டியோ துளையிட்டோ பார்த்தாக வேண்டும்.