நனைய மறுக்கும் மணல்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கோடை முற்றும்போது வீட்டுப் புல்தரைகள் திட்டுத்திட்டாகக் கருகுவது வழக்கம். தண்ணீர் ஊற்றாமல் இல்லை. ஊற்றிய தண்ணீர் அந்தத் திட்டுகளில் நிற்காமல் நடைபாதைக்கு வழிந்தோடிவிடுகிறது. மேலே ஈரமாகத் தெரியும் இடத்தை விரலால் கிளறினால், கொஞ்சம் கீழேயே உலர்ந்த மணல் பொலபொலவென்று உதிரும்.

நகரமே மணற்பாங்கான கடலோரச் சமவெளியில்தான் இருக்கிறது. வேர், சருகு, பூஞ்சை எல்லாம் மட்கும்போது உண்டாகும் மெழுகுப் பொருள்கள் மணல்துகள்மீது மெல்லிய படலமாகப் படிகின்றன. ஈரம் இருக்கும்வரை தொல்லை வெளியே தெரியாது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டாலோ, சேம்பிலைமேல் விழுந்த நீரைப்போல் துளிகள் உள்ளே இறங்காமல் மணிமணியாக நிற்கும். களிமண்ணுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் நுண்துகள்களின் மொத்தப் பரப்பு மிகப் பெரிது. மணலின் பரப்போ சிறிது. கொஞ்சம் மெழுகே அதைப் போர்த்திவிடும்.

கோல்ஃப் மைதானக்காரர்களுக்கும் இது பழகிய தலைவலி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதியில் வேர் ஓடும் அடுக்கு சுமார் 30 செ.மீ. ஆழத்துக்குப் பெரும்பாலும் மணல்தான். மழைநீர் சட்டென வடியும். காய்ந்த திட்டுகளும் கூடவே வரும்.

இதற்கு வந்த மருந்துதான் ‘வெட்டிங் ஏஜென்ட்’ எனப்படும் ஈரமூட்டி. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி மெழுகோடு ஒட்டும், இன்னொரு பகுதி நீரை ஈர்க்கும். இரண்டுக்கும் நடுவே பாலமாக நின்று நீரைத் துகளின்மேல் பரவச் செய்கிறது. திரவமாகவோ குருணையாகவோ போட்டபின், மண்ணுக்குள் இறங்கும் அளவுக்குத் தண்ணீர் விடவேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புநீர் இதற்கு மாற்றல்ல, புல்லைக் கருக்கிவிடக்கூடும்.

காய்ந்த திட்டைவிடக் கவலைக்குரியது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. நனையாத மணலில் நீர் பரவலாக இறங்குவதில்லை. விரல் விரலாகச் சில தடங்களில் மட்டும் பாய்ந்து வேரைத் தாண்டிப் போகிறது. கரைந்த உரமும் அதோடு நிலத்தடி நீரில் கலக்கிறது. நிலத்தடி நீரையும் 2006 முதல் சுத்திகரித்த கடல்நீரையும் குடிக்கும் ஊர் பெர்த். குழாய்நீரில் தெளிப்பான் ஓட்ட வாரத்துக்கு 2 நாள்தான் அனுமதி. குளிர்காலத்தில் அதுவும் இல்லை. அந்த இரண்டு நாள் நீரும் வேருக்குப் போய்ச்சேர வேண்டாமா?

மருந்து வாங்குமுன் சோதித்துப் பார்ப்பது நல்லது. வெவ்வேறு ஆழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் மண்ணை எடுத்து உலர்த்தி, ஒவ்வொன்றின்மீதும் ஒரு சொட்டு நீர் விடவேண்டும். சொட்டு உறிஞ்சப்பட 5 நொடிக்கு மேல் ஆனால், அந்த மண் நீரை விலக்குகிறது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். உடனே உறிஞ்சினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது: இறுகிய மண்ணாக இருக்கலாம், தெளிப்பான் எட்டாத மூலையாக இருக்கலாம். அங்கே ஈரமூட்டிக்குச் செலவழிப்பது வீண்.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஈரமூட்டியைச் சிதைத்துவிடுவதால் அதைத் திரும்பத் திரும்பப் போடவேண்டியிருக்கும். ஆஸ்திரேலிய விவசாயிகள் பலர் வயல் மணலில் களிமண்ணைக் கொட்டிக் கலக்கிறார்கள். செலவு அதிகம், பலன் பல ஆண்டு நிற்கும். வீட்டில் புதிதாகப் புல் பதிக்கும்போதும் களிமண் கலக்கலாம். ஏற்கெனவே வேரோடிய தரையைக் கிளற முடியாது என்பதால், அங்கே ஈரமூட்டியே கைகொடுக்கிறது.