சிறிய வானூர்திகளில் உருகியும் சுற்று முறிப்பானும்

உருகி, சுற்று முறிப்பான் ஆகியன மின்சுற்றில் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவிகள் ஆகும். 14 அல்லது 28 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் சிறிய வானூர்திகளில் இவ்விரண்டும் பயன்படுகின்றன.

காக்கப்படுவது எது?

இவை வானொலியையோ விளக்கையோ காப்பதாகப் பலர் கருதுவர். உண்மையில் அவை காப்பது கம்பியை. கம்பி சூடேறி அதன் உறை தீப்பற்றாமல் தடுப்பதே நோக்கம். எனவே கம்பியின் தடிமனே கருவியின் அளவைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகத்தின் கையேட்டின்படி 20 கேஜ் செப்புக்கம்பிக்கு 5 ஆம்பியர் உருகி அல்லது 7.5 ஆம்பியர் முறிப்பான் பொருந்தும். காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூசு கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது இக்கணக்கையே குலைப்பதாகும்.

ஒப்பீடு

உருகி மலிவானது, எடை குறைந்தது, அசையும் உறுப்பு அற்றது. ஆனால் ஒருமுறை உருகினால் மாற்றியாக வேண்டும். இருளில், குலுங்கும் வானூர்தியில் அது எளிதன்று. முறிப்பானில் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து தொடுமுனைகளைப் பிரிக்கிறது. வெளியே வரும் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் திரும்பும்.

இவ்வசதியே ஆபத்தும் ஆகும். 2007 சூலையில் புளோரிடாவின் சான்போர்டு நகரில் செசுனா 310 வகை வானூர்தி ஒன்று வீடுகள்மீது விழுந்ததில் ஐவர் இறந்தனர். அவர்களுள் மூவர் தரையில் இருந்தவர்கள். முந்தைய நாள் பறப்பில் எரியும் நாற்றம் வந்ததால் வானிலை ரேடாரின் முறிப்பானை விமானி இழுத்துத் துண்டித்திருந்தார். பழுது நீக்கப்படவில்லை. மறுநாள் புறப்படுமுன் அது மீண்டும் அழுத்தப்பட்டிருக்கக்கூடும் என விசாரணை கூறியது. 2010-ல் அமெரிக்க நிருவாகம் விமானிகளுக்கு அளித்த பரிந்துரையின்படி, இன்றியமையாத சுற்றாயின், புகையோ நாற்றமோ இல்லாத நிலையில், ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆறவிட்டு ஒரே ஒருமுறை மட்டும் அழுத்தலாம். பிறவற்றைப் பறக்கும்போது தொடக்கூடாது.

தேர்வு

இதிலிருந்து பெறப்படுவது எளிய விதி: பறப்புக்கு இன்றியமையாத சுற்றுக்குக் கைக்கெட்டும் முறிப்பான், ஏனையவற்றுக்கு உருகி போதும். எது இன்றியமையாதது என்பதில்தான் சிக்கல். மேக்னீட்டோ பொருத்திய பழைய பொறி, வானூர்தியின் மின்சாரம் முழுதும் போனாலும் ஓடும். பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகங்கள் உருவாக்கி 2021-ல் முதன்முதலாகப் பறந்த, 2022-ல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனை நடந்த ஆன்சா-என்.ஜி. பயிற்சி வானூர்தியில் இருப்பதோ மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் ரோட்டாக்சு பொறி. அத்தகைய பொறிக்கு மின்சாரம் நின்றால் உந்துவிசையும் நிற்கும். ஆகவே அங்குக் காப்புக் கருவியின் வகையைவிட, ஒன்று துண்டித்தாலும் மின்சாரம் வர வேறொரு வழி இருப்பதே முதன்மையானது.