சேரலைன்னா என்ன அர்த்தம்?

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்)

நம்ம ஊர்ப் பக்கம் சாப்பாட்டால் வரும் எந்தத் தொந்தரவுக்கும் ஒரே சொல்தான்: "சேரலை". பால் குடித்து வயிறு பொருமினாலும் சேரலை. மீன் தின்று முகம் சிவந்தாலும் சேரலை. உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினாலும் அதே சேரலைதான். வீட்டுப் பெரியவங்க இதோடு சூடு, பித்தம், கரப்பான் என்று ஏதாவது ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் மருத்துவம் படித்தவன் இல்லை, மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவன். ஆனால் போன வருஷம் பங்குனிப் பொங்கல் சமயத்தில் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

திருச்சுழி பக்கம் ஒரு கிராமம். வகுப்புத் தோழன் வீட்டுக்கு நாலு பேர் போயிருந்தோம். மத்தியானம் கம்பங்கூழ், மோர் மிளகாய், கூடவே ஒரு துவையல். துவையல் பிரமாதம். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எங்களில் ஒருவன் உதட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். "அரிக்குதுடா." அப்புறம் கழுத்து, முதுகெல்லாம் தடிப்பு. உதடு வீங்கியது. குரல் கம்மியது. "சூட்டு உடம்பு, இன்னும் ரெண்டு சொம்பு மோரைக் குடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் வேப்பிலை பறிக்கப் போனார். நான் பையிலிருந்த அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஏதோ பெரிய வைத்தியம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எழுந்து நின்றவன் கண் இருட்டி அப்படியே சரிந்தான். தோழனின் அண்ணன்தான் யோசிக்காமல் அவனைத் தூக்கிக் குட்டியானையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தொடையில் ஒரே ஒரு ஊசி. சில நிமிஷங்களில் மூச்சு சீரானது.

டாக்டர் கேட்ட பிறகுதான் துவையலில் என்ன இருந்தது என்று தெரிந்தது: சென்னாக்கூனி. ராமநாதபுரம் கடற்கரையில் காயப்போட்டு நம் சந்தைக்கு வருகிற பொடி இறால். அவனுக்குச் சின்ன வயதிலேயே இறால் தின்றால் வாய் அரிக்குமாம். "சூடு"ன்னு வீட்டில் சொன்னதால் அவனும் அதை மறந்துவிட்டான்.

இதுதான் உண்மையான ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. நம் பாஷையில் சொன்னால், செட்டிங் தப்பான ரிலே. லைனில் ஃபால்ட் எதுவும் கிடையாது, ஆனாலும் ட்ரிப் ஆகிறது. இறாலில் விஷம் இல்லை. அதே துவையலைத் தின்ற நாங்கள் மூன்று பேரும் கல்லு மாதிரி நின்றோம். அவன் உடம்பின் காவல் படை மட்டும் இறாலின் புரதத்தை எதிரி என்று எப்போதோ முடிவு கட்டி, அதற்கென்று ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருந்தது. தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் மேல் இந்த ஐ.ஜி.ஈ. உட்கார்ந்து காத்திருக்கும். அந்தப் புரதம் மறுபடி வந்ததும் மாஸ்ட் செல் உள்ளே இருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும், அதனால் தடிப்பும் வீக்கமும். மூச்சுக்குழல் சுருங்கும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் இது நடந்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இந்த நிலைக்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ்.

இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. ஃபிரெஞ்சு விஞ்ஞானி ஷார்ல் ரிஷே, நாய்களுக்குக் கடல் அனிமோன் விஷத்தைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். பழகிப்போகும் என்று எதிர்பார்த்தார். சில வாரம் கழித்து இன்னும் குறைவாகக் கொடுத்தபோது நாய் செத்தது. "பாதுகாப்புக்கு எதிர்" என்ற பொருளில் 1902-ல் இந்தப் பெயரை வைத்தார், 1913-ல் நோபல் பரிசும் வாங்கினார். 1921-ல் ஜெர்மனியில் நடந்தது இன்னும் வேடிக்கை. மீன் ஆகாத கூஸ்ட்னர் என்பவரின் ரத்தச் சீரத்தை, மீன் ஒத்துக்கொள்ளும் பிராஸ்னிட்ஸ் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அந்த இடம் தடித்தது! ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த "ஏதோ"தான் ஐ.ஜி.ஈ. அதை 1966-ல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதி பிரித்தெடுத்தார்கள்.

இறாலில் குற்றவாளி எது என்று காட்டியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. சுப்பாராவ் குழுவினர், அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து, அது ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்று 1993-ல் காட்டினார்கள். அது கொதித்தாலும் சிதையாது, வெயிலில் காய்ந்தாலும் போகாது. அதனால்தான் துவையலில் அரைத்த கூனியும் அவனைச் சாய்த்தது. ஆட்டுக்கறியிலும் இந்தப் புரதம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு நம்முடையதற்கு ரொம்ப நெருக்கம், காவல் படை கண்டுகொள்வதில்லை. இறாலுடையதற்கு நெருக்கமான ட்ரோபோமயோசின் எதில் இருக்கிறது தெரியுமா? கரப்பான் பூச்சியில்! நம் பாட்டிமார் கரப்பான் என்று சொன்னது தோல் நோயைத்தான். இருந்தாலும் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இனி பால். என் அறைத் தோழன் இரவு ஒரு டம்ளர் பால் குடித்தால் விடிய விடிய வயிறு இரையும். "எனக்குப் பால் அலர்ஜி" என்பான். இல்லவே இல்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க சிறுகுடலில் லாக்டேஸ் என்ற என்சைம் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயது போனதும் உலகத்தில் பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகிறது. ரிலே பிரச்சினை இல்லை, அந்த லோடை இழுக்கிற மோட்டார் சின்னது, அவ்வளவுதான். 1981-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், டெல்லியில் பரிசோதித்தவர்களில் 27.4 சதவீதம் பேருக்கும், திருவனந்தபுரத்திலும் பாண்டிச்சேரியிலும் 66.6 சதவீதம் பேருக்கும் இந்தக் குறை இருந்தது. அதாவது நம் பக்கத்தில் அவன்தான் மெஜாரிட்டி! டீயில் ஊற்றுகிற கொஞ்சம் பாலில் ரெண்டு மூணு கிராம் லாக்டோஸ்தான், அது ஒன்றும் செய்யாது. ஒரு டம்ளரில் பன்னிரண்டு கிராம் வரும், அங்கேதான் சிலருக்குத் தகராறு. தயிரில் பாக்டீரியாவே கொஞ்சம் சர்க்கரையைத் தின்றுவிடும், தன் என்சைமையும் கூடவே கொண்டுவரும். கம்பங்கூழுக்கு மோர் ஊற்றிக் குடித்த நம் தாத்தாக்கள் கணக்குத் தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இதில் உயிருக்கு ஆபத்தே கிடையாது. (கைக்குழந்தைக்குப் பால் புரதத்தால் வரும் அலர்ஜி வேறு சங்கதி. அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.)

மீன் விஷயம் மூன்றாவது ரகம். கடலிலிருந்து நம் கரிசல் காட்டுக்கு மீன் வந்து சேர நேரமாகும். ஐஸ் போதாவிட்டால் சூரை, அயிலை மாதிரி மீன்களில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். நம் உடம்பே கொட்டுகிற அதே சரக்கு, இங்கே ரெடிமேடாக மீனுக்குள்ளேயே வருகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவக்கும், தலை இடிக்கும், தடிப்பும் வரும். ஒரே சட்டியில் தின்ற பல பேருக்கும் வந்தால் சந்தேகம் மீன் மேல். ஒருவனுக்கு மட்டும் வந்தால் அவன் உடம்பையும் சந்தேகப்பட வேண்டும்.

நம் விருதுநகர் பரோட்டா பிரியர்களுக்கு ஒரு சேதி. கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய், 2016-ல் வெளியான ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவரை நெருங்குகிறது, தெற்கில் மிக அபூர்வம். அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய சமம்தான். வித்தியாசம் தட்டில் இருந்தது: அங்கே தினம் 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம்.

"பேக்கேஜ்" ரத்தப் பரிசோதனையில் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கும் ஒன்று. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு ஐ.ஜி.ஈ. இருந்தது. தின்று தொந்தரவுப்பட்ட உணவும் ரத்தம் காட்டிய உணவும் ஒத்துப்போனது 1.2 சதவீதம் பேருக்குத்தான். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கடலை, முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவன் சத்தைத்தான் இழக்கிறான்.

கடைசியாக அந்த ஊசி. அது அட்ரினலின். விரிந்த ரத்தக் குழாயை இறுக்கும், சுருங்கிய மூச்சுக்குழலைத் திறக்கும், மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் தடுக்கும். நான் கொடுத்த அவில் அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. தடிப்போடு மூச்சு முட்டலோ, குரல் கம்மலோ, மயக்கமோ சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். அதுவரை ஆளை நிற்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். வாயில் மோரையோ தண்ணீரையோ ஊற்ற வேண்டாம். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம் என்று அன்று ராத்திரி முழுக்க அவனை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் வராந்தாவில்தான் தூக்கம்.

இப்போது எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் துவையலைத் தொடுமுன் "கூனி போட்டிருக்கா?" என்று கேட்கிறான். சில வீடுகளில் சிரிக்கிறார்கள். போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் அவன் கேட்பதற்கு முன்னாலேயே மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "தம்பி, இன்னிக்கு நீ இந்தப் பக்கம் வராத. உனக்குத் தனியா ரசம் வச்சிருக்கேன்."