இரும்புத் தேர்

பண்டைத் தமிழ் வேந்தர் தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையும் உடையராய் விளங்கினர். தேர் வீரனைத் தாங்கிச் சென்றது. யானை பகைவரின் கோட்டைக் கதவை முட்டித் தகர்த்தது. குதிரை விரைந்து பாய்ந்து தாக்கியது. இம்மூன்றின் பணிகளையும் தான் ஒன்றே செய்யவல்ல ஊர்தியொன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றிற்று. அதுவே டாங்கி என்னும் இரும்புத் தேர்.

பள்ளிப்பட்டு வட்டத்து மாணவர் திருத்தணிக்குச் சென்று சென்னை இரயிலில் ஏறினால், திருவள்ளூரைக் கடந்தபின் ஆவடி நிலையத்தைக் காண்பர். நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில்தான் இந்திய நாட்டின் டாங்கித் தொழிற்சாலை அமைந்துள்ளது. அங்கு முதன்முதல் உருவான டாங்கியின் வடிவம் இங்கிலாந்து நாட்டு விக்கர்ஸ் நிறுவனத்தினின்றும் பெறப்பட்டது. அந்நிறுவனம் இக்கலையில் எவ்வாறு தேர்ச்சியுற்றது? தான் கற்றதை உலகிற்கு எவ்வாறு விற்றது? அவ்வாணிகத்தால் விளைந்தவை யாவை? இவற்றை அறிவது நமக்குப் பயன் தரும்.

1914ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் போரில் இருதிறத்துப் படைகளும் நீண்ட அகழிகளை வெட்டி அவற்றுள் பதுங்கியிருந்தன. இடையே முள்கம்பி வேலிகள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். முன்னேற முயன்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இந்நிலையை மாற்றுவதற்கென்றே ஆங்கிலேயர் டாங்கியைப் படைத்தனர். செய்தி பகைவருக்கு எட்டாதிருக்கும் பொருட்டு, அதனைத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் 'டாங்க்' என்ற சொல்லால் குறித்தனர். 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. அதன் எடை ஏறத்தாழ 28 டன். அதன் வேகமோ மனிதன் நடக்கும் அளவே.

இத்துணைப் பெரும் பாரம் சேற்றில் புதையாமல் செல்வது எங்ஙனம்? உழுத நன்செயில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது. அச்சேற்றின்மீது அகன்ற பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றால் அவ்வளவு புதைவதில்லை. நம் எடை குறையவில்லை. அது பரந்த இடத்தில் பகிர்ந்து தாங்கப்படுகிறது. டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிப் பட்டை அப்பலகையின் வேலையைச் செய்கிறது. டாங்கி, தான் செல்லும் பாதையைத் தானே முன்னே விரித்துப் பின்னே சுருட்டிக்கொள்கிறது எனலாம்.

போர் முடிந்தது. பத்தாண்டுகளுக்குப் பெரும்போர் எதுவும் நேராது என்ற கணிப்பை 1919ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு மேற்கொண்டது. படைக்குரிய பணம் சுருங்கிற்று. பெரிய டாங்கிகளைக் கட்டப் பொருள் இல்லை. ஆகவே, சிறியதாகவும் மலிவாகவும் ஓர் ஊர்தி செய்ய இயலுமா என்று அறிஞர் ஆராயலாயினர். மார்ட்டெல் என்னும் படைப் பொறியாளர் 1925ஆம் ஆண்டில் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு டாங்கியைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே உருவாக்கினார். சர் ஜான் கார்டன், விவியன் லாய்டு என்னும் இருவர் இம்முயற்சியைத் தொடர்ந்து வளர்த்தனர். 1928ஆம் ஆண்டில் விக்கர்ஸ் நிறுவனம் அவர்களுடைய தொழிலை விலைக்கு வாங்கிக்கொண்டது. அவர்கள் ஆக்கிய ஆறாம் மாதிரிச் சிறு டாங்கி ஏறத்தாழ ஒன்றரை டன் எடையும் நான்கடி உயரமும் உடையது. இருவர் அமரலாம், ஓர் இயந்திரத் துப்பாக்கி உண்டு, மேற்கூரை இல்லை.

இங்கு ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். டாங்கிக்கு வேண்டிய பண்புகள் மூன்று: தாக்கும் பீரங்கி, காக்கும் கவசம், விரையும் ஆற்றல். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவன. கவசத்தின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் எடையும் இருமடங்காகும். எடை மிகுந்தால் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சினுக்குப் பெரிய அறை வேண்டும். பெரிய அறையைக் காக்க மேலும் கவசம் வேண்டும். இங்ஙனம் ஒன்று கூடினால் மற்றொன்று இடர்ப்படும். இலகு டாங்கியைச் செய்தோர் விரைவையும் மலிவையும் தேர்ந்தெடுத்தனர். அதற்கு விலையாகக் கவசத்தை மெல்லியதாக்கினர்.

தம் நாட்டுப் படை மிகுதியாக வாங்காமையால் விக்கர்ஸ் நிறுவனத்தார் பிறநாட்டுச் சந்தையை நாடினர். கார்டன்-லாய்டு சிறு டாங்கி பல நாடுகளுக்குச் சென்றது. போலந்து, இத்தாலி, சோவியத்து நாடு, செக்கோசுலோவாக்கியா ஆகியவை அதனை முன்மாதிரியாகக் கொண்டு தத்தம் டாங்கிகளைப் படைத்தன. அந்நிறுவனம் 1928இல் உருவாக்கிய ஆறு டன் டாங்கியைப் பிரிட்டிஷ் படை ஏற்கவில்லை. ஆனால் பிறநாடுகள் அதனை விரும்பின. சோவியத்து நாடு 1930ஆம் ஆண்டில் பதினைந்து டாங்கிகளையும், அவற்றைத் தானே செய்துகொள்ளும் உரிமையையும் வாங்கியது. அதிலிருந்து பிறந்த டி-26 என்னும் டாங்கி பதினாயிரத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. போலந்து அதே டாங்கியிலிருந்து தன் 7டிபி என்னும் வகையை ஆக்கிக்கொண்டது. தென் அமெரிக்காவின் பொலிவியா மூன்று டாங்கிகளை வாங்கிப் பராகுவே நாட்டோடு நிகழ்ந்த சாக்கோப் போரில் ஈடுபடுத்தியது. சீனம் தான் வாங்கியவற்றை 1937இல் ஷாங்காய் நகரில் ஜப்பானியரை எதிர்க்கப் பயன்படுத்திற்று.

விற்ற பொருளின் விதி விற்றவன் கையில் இல்லை. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சோவியத்துப் படை கிழக்கிலிருந்து போலந்தில் புகுந்தபோது, படையெடுத்தவரிடமும் எதிர்த்தவரிடமும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த டாங்கிகள் இருந்தன. 1940 பிப்ரவரியில் பின்லாந்து வீரர் விக்கர்ஸ் டாங்கிகளில் ஏறிச் சென்றனர். அவர்களை எதிர்த்து வந்ததும் அதன் வழித்தோன்றலாகிய டி-26ஏ ஆகும். படைக்கருவிக்கு நாடும் இல்லை, நன்றியும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

அந்நாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தியாவிற்கும் விக்கர்ஸ் இலகு டாங்கிகள் வந்தன. சில மாற்றங்களோடு 'இந்திய மாதிரி' என்ற பெயரால் அவை வழங்கின. வடமேற்கு எல்லைப்புற மலைநாட்டில் 1935ஆம் ஆண்டில் மொஹமந்து மக்களுக்கு எதிரான நடவடிக்கையில் அவை ஏவப்பட்டன. பீரங்கியில்லா மலைவாணரை எதிர்ப்பதற்கு மெல்லிய கவசமே போதுமாயிருந்தது. 1938ஆம் ஆண்டு முதல் இந்தியக் குதிரைப்படைப் பிரிவுகள் குதிரையைக் கைவிட்டு இயந்திர ஊர்திகளை ஏற்கலாயின.

ஆனால் ஐரோப்பியக் களம் வேறு. 1936இல் வெளிவந்த விக்கர்ஸ் ஆறாம் மாதிரி இலகு டாங்கி ஏறத்தாழ ஐந்து டன் எடையுடையது; மணிக்கு 35 மைல் ஓடவல்லது; மூவரைக் கொள்வது. அதன் கவசம் மிகுந்த இடத்திலும் 14 மில்லிமீட்டரே. 1940ஆம் ஆண்டில் பிரான்சில் பிரிட்டிஷ் படையிடம் இருந்த டாங்கிகளில் பெரும்பாலானவை இவ்வகையினவே. 37 மில்லிமீட்டர் வாயுடைய ஜெர்மானியப் பீரங்கிகளுக்கு முன் அம்மெல்லிய தகடு நிற்கவில்லை. அமைதிக் காலத்தில் மிச்சப்படுத்திய பணத்திற்கு இளைஞர் தம் உயிரால் ஈடு செலுத்தினர்.

விடுதலை பெற்ற இந்தியா இவ்வரலாற்றை நன்கறிந்திருந்தது. படைக்கருவிக்குப் பிறரையே நம்பியிருக்கும் நாடு, நெருக்கடி வேளையில் பிறர் விருப்பத்திற்கு இணங்க வேண்டியதாகும். ஆகவே 1961ஆம் ஆண்டில் விக்கர்ஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையை நிறுவ முற்பட்டது. அங்கு 1965ஆம் ஆண்டு முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவரலாயிற்று. அஃது இலகு டாங்கி அன்று. ஏறத்தாழ 39 டன் எடையும் 105 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட முதன்மைப் போர் டாங்கி. 1971ஆம் ஆண்டுப் போரில் அது களங்கண்டது. பின்னர் ருசிய வடிவத்தைத் தழுவிய 'அஜேயா', 'பீஷ்மா' ஆகியவையும், ஆவடிப் போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்த 'அர்ஜுன்' டாங்கியும் அத்தொழிற்சாலையில் உருவாயின. எனினும், அர்ஜுனுக்கு ஜெர்மானிய எஞ்சினே பொருத்தப்பட்டது. தன்னிறைவு என்பது ஒரே நாளில் ஏறும் படியன்று. பல தலைமுறையினர் ஏறவேண்டிய மலை.

அங்ஙனமாயின் இலகு டாங்கி அடியோடு மறைந்ததோ? இல்லை. 1948 நவம்பர் 1ஆம் நாள், பழைய சென்னைக் குதிரைப்படையில் தோன்றிய ஏழாம் இலகு குதிரைப்படையினர், பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட ஸோஜி லா கணவாயில் அமெரிக்க நாட்டு ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளை ஏற்றிப் பகைவரைத் திகைக்கச் செய்தனர். அவற்றுக்கு வழி அமைத்துக் கொடுத்தவர் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையினர். குறுகிய மலைப்பாதையும் சிறு பாலமும் பெரும் பாரத்தைத் தாங்கா. அத்தகைய இடத்தில் எடை குறைந்த டாங்கியே உதவும். 2020ஆம் ஆண்டில் லடாக்கு எல்லையில் நெருக்கடி எழுந்தபோது இத்தேவை மீண்டும் உணரப்பட்டது. ஆவடி ஆராய்ச்சி நிலையத்தாரும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தாரும் இணைந்து 25 டன் எடையுள்ள 'ஜொராவர்' என்னும் இலகு டாங்கியை உருவாக்கி, அதன் முதல் மாதிரியை 2024 ஜூலையில் வெளியிட்டனர்.

மாணவர்களே! எடை குறைந்தது தாழ்ந்ததும் அன்று. எடை மிகுந்தது உயர்ந்ததும் அன்று. எவ்விடத்திற்கு எது தகும் என ஆராய்ந்து தெளிவதே அறிவு. மலிவை மட்டும் நோக்கிய சிந்தனை 1940இல் எத்தகைய இழப்பைத் தந்தது என்பதை மறத்தலாகாது. நாளை உங்களுள் சிலர் ஆவடியின் பட்டறைகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் பணியாற்றலாம். அப்போது ஓர் இரும்புத் தகட்டின் தடிப்பைக் குறிக்க நேரின், அத்தகட்டின் பின்னே அமர்ந்திருக்கும் வீரனை நினைவிற் கொள்ளுங்கள். அவனைக் களத்திற்கு அனுப்பும் தேவையே எழாத உலகத்தை ஆக்குதல் அதனினும் பெரிய கடமை என்பதையும் உளங்கொள்ளுங்கள்.