உங்களுக்குத் தெரியுமா? ஐப்பசி மழைக்குச் சித்திரையில் உழவு

புதுவை குருசுக்குப்பத்தில் கல்யாணப் பந்தலுக்குக் கால் ஊன்றவும் கட்டடத்துக்குச் சாரம் கட்டவும் சவுக்குக் கழி வேண்டும். வடக்கே மரக்காணம், தெற்கே கடலூர் என்று இந்தக் கரையோர மணலில் விளைகிற மரம் அது. நடவு மழைக்காலத்தில், வேலை தொடங்குவதோ கோடையில்.

● புதுவையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஐப்பசி ஈரத்திலேயே கன்று வேர் பிடித்தாக வேண்டும். முழங்கால் உயரக் கன்றுக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும் என்பதால், வைகாசி, ஆனியிலேயே விதைத்துவிட வேண்டும். நிலத்துக்குச் சித்திரையில் உழவு. அப்போதுதான் கோரைக் களையின் கிழங்கு வெயிலில் காயும். ஆனியையும் தவறவிட்டவர் வெளியில் கன்று வாங்கத்தான் வேண்டும்.

● சவுக்கு விதை ஒரு கிலோவில் பல லட்சம் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். தாய்ப்பாத்தியில் மணலோடு கலந்து தூவி, வைக்கோல் மூடுவார்கள். காற்றைவிடப் பெரிய எதிரி எறும்பு. கவனிக்காவிட்டால் வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிப்போய்விடும்.

● சவுக்கில் நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே இல்லை, மெல்லிய பச்சைக் கிளை! ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுங்கள், கணுவில் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றிச் சின்னப் பற்களாக இருப்பவைதான் இலைகள்.

● வெறும் மணலில் இது எப்படி வளர்கிறது? வேர்முடிச்சில் குடியிருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. பழைய தோப்பு மண்ணில் கொஞ்சம் அள்ளி நாற்றங்காலில் கலந்தால் அந்த உயிரும் கூடவே வந்துவிடும். காசில்லாத உரம் இது, விடாதீர்கள்.

● மீட்டருக்கு மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 4,000 கன்று. நெருக்கத்தில் மரம் வெளிச்சம் தேடி நேராக உயரும். கழிக்கு அதுதானே வேண்டும்! ஒன்றரை மீட்டர் விட்டால் 1,800 போதும், மரம் பருக்கும்.

● தைலமரம் போல வெட்டிய அடியிலிருந்து சவுக்கு நன்றாகத் துளிர்க்காது. வேர்க்கட்டையைத் தோண்டி விறகுக்கு விற்றுவிட்டு, புதிதாக உழுது நட வேண்டும்.

● நடவு மழை வரும் மாதங்கள்தான் புயல் மாதங்களும். 2011 டிசம்பர் 30 அதிகாலை புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், முந்திரி, பலாவோடு சவுக்குத் தோப்புகளையும் சாய்த்தது. வெட்டுக்கு வந்த தோப்பை மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். பங்குனிக்குள் முடித்தால் சித்திரை உழவுக்கும் நிலம் கிடைக்கும்.