வீட்டில் மொய்க்கும் ஈக்கள்

‘ஈ’ என்பது ஓரெழுத்தொருமொழி. அரிச்சுவடியில் நாம் முதன்முதற் கற்ற சொற்களுள் அதுவும் ஒன்று. எனினும் அச்சொல்லால் நாம் குறிக்கும் உயிர் ஒன்றன்று, பல என்பதைக் கற்றவருள்ளும் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. சோற்றின்மேல் வந்தமர்வதும், பழக்கூடையைச் சுற்றுவதும், குளியலறைச் சுவரில் ஒட்டியிருப்பதும், குழந்தையின் கண்ணோரம் மொய்ப்பதும் எல்லாம் ஈயே என்று கருதி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தெளிக்கின்றோம். மறுவாரம் அவை மீண்டும் வருதல் கண்டு சலிக்கின்றோம். ஒவ்வோர் ஈக்கும் பிறப்பிடம் வேறு. அதனை அறியாது பறக்கும் ஈயை அடித்தல், ஒழுகும் பானையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதை ஒக்கும்.

வீட்டு ஈயை முதலில் நோக்குவோம். கால் அங்குல நீளம், சாம்பல் நிறம், முதுகில் நீளவாட்டில் நான்கு கருங்கோடுகள். இதற்குக் கடிக்கும் வாயில்லை. பஞ்சு போன்ற உறிஞ்சியே உண்டு. ஆதலின் சர்க்கரை போன்ற கெட்டிப் பொருளை உண்ண விரும்பின், தன் உமிழ்நீரையும் முன்பு உண்டதையும் அதன்மேற் கக்கிக் கரைத்துப் பின்னர் உறிஞ்சும். முன்பு அது உண்டது எவ்விடத்தில் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. வயிற்றுக்கடுப்பு முதலியவற்றின் கிருமிகள் இவ்வழியாகவும், அதன் மயிரடர்ந்த கால்களில் ஒட்டியும் நம் உண்கலத்தை அடைகின்றன. இது வெறும் அருவருப்பாற் கூறப்படுவதன்று. இஸ்ரேல் நாட்டுப் படை முகாம்களில் பொறி வைத்து ஈக்களைக் குறைத்துச் செய்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. ஈக்கள் குறைந்தபோது, ஷிகெல்லா என்னும் கிருமியால் உண்டாகும் வயிற்றுக்கடுப்புக்காக வைத்தியரை நாடினோர் தொகை நூற்றுக்கு 85 பங்கு குறைந்தது. நூற்றுவர் ஒரே சமையற்கூடத்தில் உண்ணும் விடுதிகளில் வாழும் நாம் இக்கணக்கை நினைவில் வைத்தல் தகும்.

பெண் ஈ ஒரு முறைக்கு நூறு முட்டைகளுக்கு மேல் இடும். அங்ஙனம் பலமுறை இடும். சாணம், எரு, அழுகிய சமையற் கழிவு ஆகியனவே அதன் தொட்டில்கள். வெயிற்காலத்தில் முட்டை ஈயாகச் சுமார் பத்து நாட்களே செல்லும். ஆகவே குப்பையை மாதத்திற்கொருமுறை அகற்றுவோர் ஈக்களை வளர்த்து வழியனுப்புகின்றவரேயாவர். வாரத்திற்கு இருமுறையேனும் அகற்றுதல் வேண்டும். வீட்டுக் கழிவைக் கூடையிலிட்டால் மூடியும் வேண்டும். எருக்குவியலை நெருக்கி மிதித்து வைப்பின் உள்ளே வெப்பமேறிப் புழுக்கள் மடியும். முதிர்ந்த புழு ஈரத்தை வெறுத்து உலர்ந்த மண்ணை நாடி ஊர்ந்துபோய்க் கூட்டுப்புழுவாகும். ஆதலால் குவியலை மட்டும் வாரி, அதனைச் சூழ்ந்த மண்ணை விட்டுவிடுதல் பாதி வேலையே.

“வீட்டு ஈ கணுக்காலைக் கடிக்கின்றது” என்பாருளர். கடிப்பது அதன் உருவொத்த மாட்டுத்தொழுவ ஈ. அதன் கூரிய உறிஞ்சி தலைக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல் மின்னும் ஈக்கள் மீனையும் இறைச்சியையும் நாடுவன. மூடிய அறையில் அவை திடீரெனப் பெருகினால், பரண்மேல் செத்த எலியைத் தேடுக. மருந்துக் கடையைத் தேடவேண்டா.

மருந்தால் தீராதா எனின், அதன் வரலாறு கேட்கத் தக்கது. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைச் சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பால் முல்லர் 1939-இற் கண்டார். 1948-இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசு வழங்கப்படுமுன்பே, ஸ்வீடன், இத்தாலி முதலிய நாடுகளில் அம்மருந்துக்கு அஞ்சாத வீட்டு ஈக்கள் தோன்றிவிட்டன. தப்பிய சிலவே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராயின. தலைமுறையோ பத்து நாள்! இக்காலத்துத் தெளிப்பு மருந்துகளுக்கும் பல ஊர்களில் இதே கதி நேர்ந்துள்ளது.

பழத்தைச் சுற்றும் சிவந்த கண்ணுடைய சிற்றீயை விஞ்ஞான மாணவர் நன்கறிவர். மார்கன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இதனைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்தே பரம்பரையியலின் உண்மைகளைக் கண்டு 1933-இல் நோபெல் பரிசு பெற்றார். நமக்கோ இது கனிந்த வாழைப்பழத்துடன் வரும் தொல்லை. பழத்தை மூடிவைத்து, சிறிது காடி ஊற்றிய புட்டியின் வாயிற் காகிதப் புனலொன்றைச் செருகி வைத்தால், உள்ளே சென்றவை பெரும்பாலும் மீளா.

குளியலறைச் சுவரில் சிறு விட்டில்போல் மயிரடர்ந்த சிறகுகளைக் கூரைபோற் கவித்திருப்பது மற்றொன்று. நீர்போகும் குழாயினுள் படிந்த வழுவழுப்பான பாசியே அதன் புழுக்களுக்கு உணவும் உறையுளும். பினாயில் அப்பாசியின்மேல் வழுக்கிச் சென்றுவிடும். தூரிகையால் தேய்த்தே அதனை எடுக்கவேண்டும். எந்தக் குழாயினின்று வருகின்றதென்று ஐயமாயின், இரவில் பசைநாடாவைப் பசைப்பக்கம் கீழாக, காற்றுச் சிறிது புகும்படி குழாய் வாய்மேல் ஒட்டிவைத்துக் காலையிற் பார்க்க.

நம் நாட்டிலும் இலங்கையிலும் நாம் மிகுதியாய்க் கவனிக்கவேண்டியதும், மிகக் குறைவாய்க் கவனிப்பதும் கண் ஈயே. கடுகளவினதாய்க் கறுத்து மின்னும். கடிப்பதில்லை, கண்ணீரையும் பீளையையும் புண்ணின் கசிவையும் உறிஞ்சும். ஓட்டினால் போய் உடனே மீளும். கண்வலியுற்ற குழந்தையின் இமையினின்றெழுந்து அருகிலிருக்கும் குழந்தையின் இமையில் அமர்வதால், கண்வலி ஒரு தெரு முழுவதும் பரவ இது துணையாகின்றது. கழிவு நீரும் அழுக்கும் ஊறிய மண்ணிலே இது பெருகும். எனவே அடுக்களை நீரை வாசலில் தேங்கவிடாது மூடிய உறிஞ்சுகுழியிற் செலுத்துதல் முதல் வேலை. நோயுற்ற கண்ணை அடிக்கடி தூய நீராற் கழுவித் துடைத்தல் இரண்டாவது.

இவ்வீக்கு விந்தையான வழக்கமொன்றுண்டு. தொங்கும் கயிறு, மின்விளக்குக் கம்பி, ஒட்டடை நூல், கூரையோலையின் நார் ஆகியவற்றில் திரள்திரளாக அமர்ந்து இரவைக் கழிக்கும். பூச்சி நூலார் இதற்கிட்ட லத்தீன் பெயருக்கே ‘கயிற்றில் உறைவது’ என்று பொருள். வேண்டாத கயிறுகளையும் ஒட்டடையையும் களைந்து, ஓரிரு கயிறுகளை மட்டும் விட்டுவைத்தால் அவை அங்கேயே வந்து கூடும். இருட்டியபின் விளக்குடன் சென்று, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் கயிற்றை மேலிருந்து கீழாக ஒரே பிடியில் வழித்துவிடலாம்.