இட்லி கல்லு மாதிரி வந்தாலும் நீங்க நல்ல அம்மாதான்!

விடியற்காலை 5 மணி. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கத் தொடங்கும் நேரம். மில் ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் தலை சீவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்கிற நேரம். நாகல் நகர், பேகம்பூர், ஆர்.எம். காலனி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், முதலில் எரிவது அடுப்படி விளக்குதான்.

மூத்தவனுக்குத் தேங்காய்ச் சட்னி. சின்னவளுக்குத் தக்காளிச் சட்னி. மாமனாருக்குக் காரம் குறைத்த சாம்பார். மதியத்துக்கு ஒரு டப்பா, இன்டர்வெல்லுக்கு இன்னொரு டப்பா. இதற்கு நடுவில் காணாமல் போன ஒரு சாக்ஸ், கையெழுத்துப் போடாத டைரி, "வேன் வந்துடுச்சும்மா" என்ற சத்தம். எல்லோரும் கிளம்பிய பிறகு, ஆறிப்போன காபியோடு போனை எடுத்தால், யாரோ ஓர் அம்மா கேரட்டைப் பூ மாதிரி வெட்டி டப்பாவில் அடுக்கிக் காட்டுகிறார். அவருடைய அடுப்படி மேடையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை!

அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். "நான் ஒரு நல்ல அம்மாதானா?"

தோழிகளே, இந்தக் கேள்விக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு குழந்தைகள் நல மருத்துவர் பதில் சொல்லிவிட்டார். அதைப் பார்ப்பதற்கு முன், உங்கள் உழைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 299 நிமிடங்கள்

நம் நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் கணக்கெடுத்தது. 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81 சதவிகிதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். அவர்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள். ஏறக்குறைய 5 மணி நேரம்! ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்கள் 26 சதவிகிதம் பேர்தான். அவர்களும் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024-ல் மறுபடியும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் இரண்டுமே கொஞ்சம் குறைந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த 5 மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ரிட்டயர்மென்ட் கிடையாது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்கவில்லை. 'உரிமைத் தொகை' என்றுதான் வைத்தது. வீட்டில் நாம் செய்வதும் வேலைதான் என்பதை ஒப்புக்கொள்கிற பெயர் அது.

ஆனால், நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. இந்த 299 நிமிடங்களில் குழந்தைக்கு உண்மையிலேயே தேவைப்படுவது எவ்வளவு? 'பக்கத்து வீட்டுல என்ன சொல்வாங்க, நாத்தனார் வந்தா என்ன நினைப்பாங்க' என்பதற்காகச் செய்வது எவ்வளவு?

'போதுமான அளவுக்கு நல்ல அம்மா'

அந்த மருத்துவரின் பெயர் டொனால்ட் வின்னிகாட். இங்கிலாந்துக்காரர். லண்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கான அம்மாக்களையும் குழந்தைகளையும் பக்கத்தில் இருந்து கவனித்தவர். 1940-களில் பி.பி.சி. வானொலியில் அம்மாக்களிடம் நேரடியாகப் பேசியவர். எப்படி வளர்க்க வேண்டும் என்று அவர் பாடம் எடுக்கவில்லை. 'நீங்கள் இயல்பாகச் செய்வதே பெரிய விஷயம்' என்பதுதான் அவருடைய பேச்சின் சாரம்.

1953-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் வந்ததுதான் 'போதுமான அளவுக்கு நல்ல அம்மா' என்ற கருத்து. பிறந்த புதிதில், குழந்தை சிணுங்கினாலே அம்மா ஓடி வருகிறாள். அந்த வயதில் அது தேவை. குழந்தை வளர வளர அம்மா கொஞ்சம் தாமதிக்கிறாள். பால் காய்ச்ச இரண்டு நிமிடம் ஆகிறது. துணி உலர்த்திக்கொண்டே "இதோ வர்றேன்டா தங்கம்" என்று குரல் மட்டும் கொடுக்கிறாள். அந்த இடைவெளியில்தான் குழந்தை காத்திருக்கப் பழகுகிறது. விரலைச் சூப்பித் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறது. 'உலகம் நாம் நினைத்த நொடியில் நடக்காது, ஆனாலும் அம்மா வந்துவிடுவாள்' என்று தெரிந்துகொள்கிறது.

அதாவது, அம்மாவின் சின்னச் சின்னக் குறைகள் குழந்தைக்கு நல்லது செய்கின்றன. குறையே இல்லாத அம்மா இருந்தால், அந்தக் குழந்தைக்கு எதையும் தானாகச் சமாளிக்க வாய்ப்பே வராது.

பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கும் அவருடைய குழுவினரும், அம்மாவும் கைக்குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்து நொடி நொடியாகப் பார்த்தார்கள். நன்றாக ஒட்டுதலோடு இருக்கும் அம்மா, குழந்தைகூட சுமார் 30 சதவிகித நேரம்தான் ஒருவருக்கொருவர் சரியாக ஒத்துப்போனார்கள். மற்ற நேரமெல்லாம் அவள் ஒன்று நினைக்க, குழந்தை வேறொன்று கேட்கும். பிறகு இருவரும் சரிசெய்துகொள்வார்கள். பாசம் வளர்வதே அந்தச் சரிசெய்துகொள்வதில்தான்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வந்து பாருங்கள். காலையில் ஐ.டி. கார்டு காணவில்லை என்று கத்திவிட்டீர்கள். பிள்ளை முகம் சுருங்கிப் போய்விட்டது. நாள் முழுக்க உங்களுக்கு மனசே சரியில்லை. சாயங்காலம் பிள்ளை வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து, "காலைல அம்மா ரொம்பக் கத்திட்டேன்ல பாப்பா... தப்புதான். நாளைக்கு ராத்திரியே கார்டை எடுத்து வச்சுடலாமா?" என்று கேளுங்கள். தப்பு செய்தால் எப்படிச் சரிசெய்வது என்று பிள்ளை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது சின்னக் குறைகளைத்தான். தினமும் அடிப்பது, பயமுறுத்துவது, கண்டுகொள்ளாமல் விடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

வள்ளுவரும் பாண்டியனும் சொன்னது

இது வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் அமிழ்தத்தைவிட இனிது என்று புகழ்வது அறுசுவை விருந்தை இல்லை. பிள்ளை தன் சின்னக் கையை விட்டுக் கலக்கிய கூழைத்தான்! புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பியும் இதையேதான் சொல்கிறார். பலரோடு சேர்ந்து உண்ணும் செல்வம் இருந்தாலும், சோற்றை மேலெல்லாம் பூசிக்கொண்டு தத்தித் தத்தி நடந்து வரும் பிள்ளை இல்லையென்றால் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்கிறார் அந்த அரசர்.

சிந்திய சோற்றை அவர்கள் சந்தோஷமாகப் பார்த்தார்கள். நாம்தான், "இப்பத்தானே தரையைத் துடைச்சேன்" என்று தலையில் கை வைக்கிறோம்.

ஒரே ஆள் இழுக்கிற தேர் இல்லை

பிள்ளை வளர்ப்பதைப் பலர் சேர்ந்து சுமப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் கஸ்தூர்பா மருத்துவமனையில் பிள்ளை பெற்ற பெண்கள் இந்த வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் கைக்குழந்தைக்காரர்களின் சுமையை இறக்கியது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம், விடியலில் அடுப்பு மூட்டும் அவசரத்தைக் குறைத்தது. நிலக்கோட்டைப் பக்கம் மொட்டு மலர்வதற்குள் மல்லிகை பறிக்கப் போகிற அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! பிள்ளை பள்ளியில் உப்புமா சாப்பிட்டால் அம்மா எந்த விதத்திலும் குறைந்துவிடுவதில்லை.

தெருமுனையில் மாவு வாங்குவதும் அப்படித்தான். அரைக்காத மாவில் பாசம் குறையாது. இட்லி கல்லு மாதிரி வந்தால் சாயங்காலம் உதிர்த்துத் தாளித்து இட்லி உப்புமா ஆக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பல நேரம் அதுதான் அதிகம் பிடிக்கும்.

எதையெல்லாம் விடலாம்?

இரண்டு சட்னியை விடலாம். வாரத்தில் மூன்று நாள் ஒரே சட்னி என்று சொல்லிவிடுங்கள். இன்டர்வெல் டப்பாவுக்கு ஒரு சிறுமலை வாழைப்பழம் போதும். அதை யாரும் பூ மாதிரி வெட்ட வேண்டாம்.

'உதவி' என்ற வார்த்தையை விடலாம். கணவர் செய்வது உதவி இல்லை, அவருடைய பங்கு. "என்னங்க, நாளையிலிருந்து பாப்பாவுக்கு நீங்கதான் ஜடை பின்னணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜடை கோணலாகத்தான் வரும். அதை அவிழ்த்துத் திரும்பப் பின்னாதீர்கள்! நீங்கள் திருத்தத் தொடங்கினால், "அப்ப நீயே செஞ்சுக்க" என்று ஒதுங்கிவிடுவார். கோணல் ஜடையோடு போனாலும் பாப்பா சிரித்துக்கொண்டுதான் போவாள்.

மகனை ஒதுக்கி வைப்பதை விடலாம். எட்டு வயதுப் பையனால் தட்டு கழுவ முடியும், துணி மடிக்க முடியும். மடிப்பு சரியாக இருக்காது. இருந்துவிட்டுப் போகட்டும்.

விருந்தாளிக்காகத் துடைப்பதை விடலாம். "அத்தை, வீடு இப்படித்தான் இருக்கும். உட்காருங்க, காபி போடுறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், வருகிறவர்களுக்கும் இறுக்கம் குறையும். அவர்கள் வீடும் அப்படித்தானே இருக்கும்!

ஒப்பிடுவதை விடலாம். வீடியோவில் தெரிவது அரை நிமிடம். அதன் முன்னும் பின்னும் அந்த வீட்டிலும் பிள்ளை அழுதிருக்கும், பால் பொங்கி வழிந்திருக்கும்.

இப்படி மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளோடு மலைக்கோட்டை ஏறுங்கள். மேலே நின்று, "நம்ம வீடு எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று தேடச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுங்கள். பைசா செலவில்லை.

குற்ற உணர்வையும் தாண்டினால்...

அலுப்பு எல்லோருக்கும் வரும். தூங்கி எழுந்தால் குறைந்துவிடும். ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனசு வரவில்லை, 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்று தோன்றுகிறது என்றால், அது சோம்பலோ திமிரோ கிடையாது. குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின் வருவது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். அது குணமாகக் கூடியது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இரவோ பகலோ எப்போது வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நாங்கல்லாம் நாலு பிள்ளை பெத்து வளர்க்கலையா?" என்ற வசனத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா செய்யுது?" என்று கேளுங்கள். அதுவே பாதி மருந்து.

நம் பிள்ளைகள் நாளை பெரியவர்களாகி நம்மை நினைக்கும்போது, தரை எவ்வளவு பளபளப்பாக இருந்தது என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அம்மா சிரிப்பாளா, பக்கத்தில் உட்காருவாளா, தப்பு செய்துவிட்டு அவளிடம் தைரியமாக வந்து சொல்ல முடிந்ததா என்பதுதான் நிற்கும்.

சரி, நாளைக் காலையிலிருந்து ஒன்றே ஒன்றை விடலாம் என்றால், எதை விடப்போகிறீர்கள்? இன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.